மூன்று கிணறும் ஒரு மணியும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் வேதக்கோயிலில் மணியடிக்கிற கோயில்பிச்சை. என் மூத்த மகளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்த வருஷம் அது. மணிக்கயிறு அறுந்துபோய், புதுக் கயிறு வரும்வரை வேலையில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். யாரையும் இகழ்ந்து பேசாத நாவைத் தாரும் என்றுதான் நான் தினமும் ஜெபிக்கிறேன். வெறுவாய்விளைக்காரர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் அந்த ஜெபம் பலிப்பதில்லை. ஆண்டவர் மண்ணைப் பிசைந்து மனுஷனைச் செய்து மூச்சை ஊதினார் அல்லவா? அந்த ஊர்க்காரர்களுக்கு ஊதியது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போய்விட்டது போலிருக்கிறது.

வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம். வெறுவாய்விளை தேரிக்காட்டு ஓரத்து ஊர். எங்கே பார்த்தாலும் செம்மண், முள், வெயில். ஊருக்குள் கிணறு கிடையாது. இரண்டு மைல் தள்ளி ஒற்றைப்பனைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கிணறுதான் கதி. ஊர்த்தலைவர் தளவாயின் மனைவி வெயிலுகந்தாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிணற்றுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பு ஒரு பக்கம் காய்த்தே போயிருந்தது.

ஒரு நாள் காலிக்குடத்தைப் புருஷன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"இந்தா பாருங்க, ஆடி முடியறதுக்குள்ள ஊருக்குள்ள கிணறு வரணும். வரலைன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க வாசலைத் திறந்தா வாய்க்கா."

தளவாய் நடுங்கிப்போனார். மனைவி போய்விடுவாளே என்றல்ல. போனால் தண்ணீர் யார் கொண்டுவருவது என்று. உடனே தம் ஆலோசகர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒருவன் கொம்பையா, இன்னொருவன் உலகமுத்து. ஆலோசனை என்றால் இவர்களுக்கு, மூன்று பேரும் கன்னத்தில் கைவைத்து ஒரே திசையில் பார்ப்பது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்ப் பங்களாவில் கலெக்டர் துரை வந்து இறங்கியிருந்தார். பாஷை பெயர்த்துச் சொல்லும் துபாஷிகள் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சல். என் பாஷையிலேயே கேட்கிறவன் கேட்டதைக் கொடுப்பேன் என்று தண்டோரா போட்டிருந்தார். உப்பளத்துக் குமாஸ்தா ஒருவர் அவ்வழியே போக, மூவரும் அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

குமாஸ்தாவுக்கு அவசரம். "இங்கிலீஷ் ரொம்ப சுலபம் ஓய். வாலைப் பிடிச்சாப் போதும். ஒரே மாதிரி முடியற சொல்லையெல்லாம் சேர்த்துக் கட்டிப் போடணும். ஒண்ணை இழுத்தா மத்தது தானா வரும். வெல்னா கிணறு, பெல்னா மணி, ஸ்மெல்னா நாத்தம். கேட்டுன்னா பூனை, ரேட்டுன்னா எலி. ஃபார்னா தூரம், கார்னா வண்டி. ஆனா ஒண்ணு, அர்த்தம் உள்ளே போகணும். அப்பதான் படிப்பு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் காலையில் வெயிலுகந்தாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், வீட்டுத் தூணில் ஒரு பூனை கட்டிக் கிடக்கிறது. அதே கயிற்றின் மறு நுனியில் ஒன்றுமில்லை. எதிரே மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன கூத்து இது?"

"பாடம் நடக்கு மைனி" என்றான் உலகமுத்து. "கேட்டும் ரேட்டும் ஒரே மாதிரி முடியுதுல்லா? சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கோம்."

"எலி எங்க?"

தளவாய் பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கம்பீரமாகச் சொன்னார்: "அர்த்தம் உள்ளே போயிட்டு. பூனை நம்மளைவிடச் சீக்கிரம் படிச்சிட்டு."

வெயிலுகந்தாள் குடத்தை இறக்கிவைத்தாள். "நல்லது. துரைகிட்ட அந்தப் பூனையையே அனுப்புங்க. நீங்க மூணு பேரும் வீட்டுல எலி பிடிங்க."

இப்படிச் சொன்னால் யாருக்காவது உறைக்குமா? அவர்களுக்குப் பாடத்தைச் சுமக்கிற கவலை. ஒரே ஆள் எல்லாச் சொல்லையும் தூக்கிப்போனால் வழியில் சிந்திவிடும் என்று ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தலைவர் என்பதால் தளவாய்க்கு வெல். கொம்பையாவுக்கு பெல். கடைசியில் மிஞ்சியது ஸ்மெல். அதை உலகமுத்து மனத்தாங்கலோடு வாங்கிக்கொண்டான்.

வெயிலுகந்தாளுக்கு இவர்களை நம்பித் தனியே அனுப்ப மனமில்லை. பன்னிரண்டு வருஷ நடையாயிற்றே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். வழி நெடுக மூன்று பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார்கள், சொல் விழுந்துவிடக் கூடாதாம்.

துரை நல்ல மனுஷன். இவர்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "ஆர் யூ வெல்?" என்றார். சுகமாக இருக்கிறீர்களா என்று அவர்கள் பாஷையில் கேட்கிறது அப்படித்தானாம், கோயில்பிச்சை சொன்னார்.

தளவாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. மூவரும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"என்னலே, துரை நம்மளைப் பார்த்துக் கிணறான்னு கேக்காரு?"

"ஆமான்னு சொன்னா வாளியை உள்ள விட்டுருவாரு அண்ணாச்சி" என்றான் கொம்பையா.

"இல்லைன்னு சொன்னா, பிறகு என்னத்துக்கு வந்தீங்கன்னு கேப்பாரு" என்றான் உலகமுத்து.

"அதை விடு. என் சொல்லை அவர் எடுத்துக்கிட்டாரேலே! துரை வாயில இருக்கறதைப் பிடுங்கி நான் எப்படிச் சொல்லுதது? மரியாதையா இருக்குமா?" என்றார் தளவாய்.

உலகமுத்து யோசித்தான். "வெல்லும் பெல்லும் ஒரே கட்டுத்தானே. குமாஸ்தா ஐயா என்ன சொன்னாரு? ஒண்ணை இழுத்தா மத்தது தானா வரும். பெல்லை இழுப்போம். தம்பி வந்தா அண்ணன் வராமலா போவான்?"

தூரத்தில் நின்ற வெயிலுகந்தாள், "ஏங்க, கிணறுன்னு தமிழ்லயே சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினாள். யார் காதில் விழுகிறது?

கொம்பையா முன்னால் போய், துரைக்கு நேராக விறைத்து நின்று, "பெல்!" என்றான்.

தன் சொல் வீணாகக் கூடாதே என்று உலகமுத்துவும் துரையைச் சுட்டிக்காட்டி, "ஸ்மெல்!" என்றான்.

துரை தம் கோட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பங்களாவுக்குப் பின்னால் பழைய கப்பல் மணி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது, தவலை அளவுக்கு. அதைக் காட்டி, "பெல்? வெரி வெல்!" என்றார். எடுத்துப் போங்கள் என்று சைகை காட்டிவிட்டு, "ஃபேர்வெல்!" என்று கையசைத்து உள்ளே போய்விட்டார்.

மணியைக் கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு மூவரும் ஆனந்தக் கண்ணீரோடு ஊர் திரும்பினார்கள். ஊரே கூடிவிட்டது. தளவாய் மணியை மூன்று முறை அடித்துவிட்டுச் சொன்னார்:

"துரை தன் வாயால மூணு கிணறு தந்திருக்காரு. முதல்ல ஒரு வெல். அடுத்தது வெரி வெல், அது ரொம்பப் பெரிய கிணறு. போகும்போது ஒண்ணு, ஃபார்வெல்."

"அது என்ன கிணறு?" என்று கேட்டாள் வெயிலுகந்தாள்.

"ஃபார்னா தூரம். தூரத்துக் கிணறு."

"அது எங்க இருக்கு?"

தளவாய் யோசித்தார். பிறகு அவர் முகம் சுடர்விட்டது. "நம்ம ஒற்றைப்பனைக் கிணறுதான்! அதைத்தான் துரை நமக்குக் கொடுத்துட்டாரே!"

ஊர் ஆரவாரித்தது. மற்ற இரண்டு கிணறும் பின்னால் வண்டியில் வரும் என்று நான்கு பேரைச் சாலையோரத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

வெயிலுகந்தாள் விரல்விட்டு நாளை எண்ணினாள். ஆடி முடிய இன்னும் மூன்று நாள். உள்ளே போய்த் துணிமூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒற்றைப்பனைக் கிணற்றைத் தாண்டித்தான் அண்ணன் ஊருக்குப் போக வேண்டும். கிணற்றடியில் மூட்டையை இறக்கி, ஒரு வாளி இறைத்து வயிறு நிறையக் குடித்தாள். இடுப்பைத் தடவிக்கொண்டாள். பனை நிழல் நன்றாக இருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, நான் எதற்கு அண்ணன் வீடுவரை நடக்கவேண்டும்?

பின்னாலேயே ஓடிவந்த மூவரிடமும் சொன்னாள்: "கிணறுதான் ஊருக்கு வரமாட்டேங்குது. ஊர் கிணத்துக்கு வந்தா என்ன? எல்லாரும் குடிசையைப் பிரிச்சு இங்க வந்து போடுங்க. நடை மிச்சம்."

மூவரும் கன்னத்தில் கைவைத்து ஒரே திசையில் வெகுநேரம் பார்த்தார்கள்.

"மைனி சொல்லுதது ஆபத்து" என்றான் கொம்பையா கடைசியில். "துரை கொடுத்தது தூரத்துக் கிணறு. நாம பக்கத்துல வந்துட்டா அது தூரத்துக் கிணறா?"

"துரை வாக்கு பொய்யாயிரும்" என்றான் உலகமுத்து. "கிணத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாருன்னா?"

தளவாய்க்கு வியர்த்துவிட்டது. "லேய், ரெண்டு மைல்லாம் ஒரு தூரமான்னு துரைக்குச் சந்தேகம் வந்துட்டா?"

அந்த வாரமே வெறுவாய்விளைக்காரர்கள் குடிசைகளைப் பிரித்து, எதற்கும் இருக்கட்டும் என்று, கிணற்றைவிட்டு இன்னும் இரண்டு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார்கள்.

வெயிலுகந்தாள் போகவில்லை. கிணற்றடியிலேயே நான்கு ஓலையைச் சாய்த்துத் தங்கிவிட்டாள். தினமும் காலையில் தளவாயும் கூட்டாளிகளும் நாலு மைல் நடந்து, துரை கொடுத்த மணியையே தலைகீழாகத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வருவார்கள். நடக்க நடக்க நாக்கு ஆடி மணி அடிக்கும், அடிக்க அடிக்கத் தண்ணீர் சிந்தும், வீடு போய்ச் சேரும்போது சத்தம் மட்டும்தான் மிஞ்சும். வந்ததும் தளவாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, துரை மாதிரியே சிரித்து, மனைவியைப் பார்த்துக் கேட்பார்:

"ஆர் யூ வெல்?"

"கிணறு அந்தப் பக்கம் இருக்கு. நான் உங்க பொண்டாட்டி" என்பாள் அவள்.

கதை சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. அந்தச் செம்புத் தண்ணியை இப்படி நகர்த்தி வைம்மா.