வாயை மூடிய ஆள்காட்டி

காட்டின் ஓரத்தில் ஒரு குட்டை. குட்டையைச் சுற்றிப் பொட்டல். பொட்டலில் கூழாங்கல் சிதறிக் கிடக்கும் ஒரு மேடு. அந்த மேட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது.

கூடு என்று எதுவும் கிடையாது. ஆள்காட்டிக்கு மரக்கிளையைப் பிடித்து உட்கார முடியாது. அதன் கால் அப்படி. பிறப்பு, வளர்ப்பு எல்லாம் தரையில்தான். முட்டையும் மண்ணின் நிறம். மிதித்தால்தான் தெரியும்.

அன்னியர் யார் வந்தாலும் ஆள்காட்டி கத்தும். காது கிழியும். அந்தக் கத்தலைக் கேட்டால் தண்ணீர் குடிக்கிற மான் ஓடும், முயல் ஓடும், பன்றி ஓடும். ஆள்காட்டியின் குஞ்சு மட்டும் ஓடாது. மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். பக்கத்தில் வந்து நின்றாலும் அது குஞ்சா, கல்லா என்று தெரியாது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பொரிவதற்கு முந்தின சில நாட்களில், முட்டைக்குள் இருக்கும்போதே தாய் கத்துவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும்.

இந்த ஆள்காட்டி தனிக்கட்டை. முட்டை இட்ட மறுநாளே ஆண் பறவையை வல்லூறு தூக்கிப் போய்விட்டது. அடைகாப்பதும் காவல் காப்பதும் ஒரே ஆள்.

ஒரு சாயங்காலம் குட்டைக்கரையில் கோரைப்புல் அசைந்தது. காற்று இல்லை. சிறுத்தை!

ஆள்காட்டி கத்தியது. மான்கள் சிதறின. பாய்ந்த சிறுத்தை வெறும் தண்ணீரில் விழுந்தது. நனைந்துபோய் எழுந்து, மேட்டைப் பார்த்து உறுமிவிட்டுப் போனது.

இருட்டுவதற்குள் மான்கள் திரும்பி வந்தன. முன்னால் வந்தது ஒரு பெண்மான். அதற்கு ஒரு காதுதான். இன்னொரு காது முன்பொரு நாள் சிறுத்தையின் நகத்தோடு போய்விட்டது. காதோடு போச்சு, உயிர் மிஞ்சியது. மிஞ்சியதற்குக் காரணம் ஆள்காட்டி.

"உன் தொண்டையாலதான் எங்க பொழப்பு ஓடுது தங்கச்சி!" என்றது காதறுந்த மான்.

"தொண்டை வலிக்குது அக்கா."

"வலிக்கட்டும்! நீ கத்தினா ஓடறோம். நீ சும்மா இருந்தா குடிக்கிறோம். குடிக்கணும்னா தலையைக் குனியணும். குனிஞ்சா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த நேரத்துக்கு எங்க கண்ணு நீதான்."

சொல்லிவிட்டு முட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. "டேய், சுத்திப் போங்க! கீழே பார்த்து நடங்க! முட்டை மேல குளம்பு பட்டுது, உதைதான்!" என்று கூட்டத்தை விரட்டியது. தினமும் அப்படித்தான். கூட்டம் முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் அது குடிக்கப் போகும்.

மான்களால் இன்னொரு லாபமும் இருந்தது. அவை மேய்ந்து மேய்ந்து மேட்டைச் சுற்றிப் புல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். எது வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

மறுநாள் மத்தியானம் நரி வந்தது. மேட்டுக்குக் கீழே உட்கார்ந்தது. ஆள்காட்டி வாயைத் திறந்தது.

"இரு தாயி, இரு! திங்க வரலை. பேச வந்தேன்."

"போன வருஷமும் பேசிட்டுத்தான் தின்னே!"

"ஆமா, தின்னேன். இல்லைன்னா சொன்னேன்? அதுக்கு முந்தின வருஷம் யாரு?"

"கீரி."

"இந்த வருஷம் யாருன்னு நினைக்கறே?"

ஆள்காட்டி இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது.

"சொல்றதைக் கேளு," என்றது நரி. "சிறுத்தை ஐயா பட்டினி. ஐயா பட்டினின்னா, அவர் மிச்சம் வைக்கிறதைத் திங்கிற நானும் பட்டினி. பசிச்சா எனக்கு முட்டை ஞாபகம் வரும். வயிறு நிறைஞ்சா நான் ஏன் உன் பக்கம் வரப்போறேன்? நானும் வரமாட்டேன், கீரியையும் வரவிடமாட்டேன். குஞ்சு பொரிச்சு வெளியே வர்ற வரைக்கும் இந்த மேட்டுக்கு நான் காவல்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அதுதான் விஷயமே! பொய் சொல்லச் சொன்னேனா? யாரையாவது கொல்லச் சொன்னேனா? ஐயா வரும்போது வாயை மூடிட்டு இரு. அவ்வளவுதான்."

"மானுங்க செத்துப்போகும்!"

"மான் சாகிறது மானோட பாடு. நீ என்ன அதுகிட்ட சம்பளம் வாங்கறியா? நீ பெத்தது நாலு. அதைக் காப்பாத்தாதவளை யாரு தாய்னு சொல்லுவாங்க? முதல்ல உன் பேரைப் பாரு. ஆள்காட்டி! காட்டிக் கொடுக்கிறவ! நல்ல பேரா இது?"

ஆள்காட்டி முட்டைகளைப் பார்த்தது. போன வருஷமும் நாலுதான். இரை தேடிவிட்டு வந்து பார்த்தபோது வெறும் ஓடு கிடந்தது. ஓட்டின் உள்பக்கம் ஈரம்கூடக் காயவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஓடும் இல்லை.

"வேற யாராவது வந்தா கத்தலாமா?"

"கூடாது. ஒரு தடவை திறந்த வாய் மறுபடியும் திறக்கும். மொத்தமா மூடு. காவலுக்குத்தான் நான் இருக்கேனே!"

"சரி," என்றது ஆள்காட்டி. அதன் தொண்டைக்குப் பழக்கமில்லாத சின்னக் குரல். நரிக்கு நன்றாகவே கேட்டது.

முதலில் போனது ஒரு கிழட்டு ஆண்மான்.

கோரைப்புல் அசைந்ததை ஆள்காட்டி பார்த்தது. மஞ்சள் தோலைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சல். கிழட்டு மான் கத்தக்கூட இல்லை.

'வயசானது. எப்படியும் இந்தக் கோடையில போயிருக்கும்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஆள்காட்டி.

மறுநாள் மான்கள் தூரத்திலேயே நின்றன. ஓர் இளவட்ட மான் கேட்டது: "நீ ஏன் கத்தலை? பார்க்கலையா?"

"பார்க்கலை."

நரி பொய் சொல்லச் சொல்லவில்லைதான். இது அதுவாகவே வந்தது.

"இவ்வளவு பெரிய சிறுத்தை! கண்ணு என்ன பொட்டையா?" என்று இளவட்டம் எகிறியது.

காதறுந்த மான் நடுவில் புகுந்தது. "வாயை மூடுடா! ராத்திரி பகலா ஒத்தையில அடைகாக்கறா. ஒரு நிமிஷம் கண் அசந்திருப்பா. உன் அம்மா உன்னைச் சுமக்கும்போது அசந்ததே இல்லையா? எத்தனை தடவை நம்மைக் காப்பாத்தினவ! வாங்க, நான் நிற்கிறேன். எல்லாரும் குடிங்க."

கூட்டம் வந்தது. காதறுந்த மானை நம்பி வந்தது. காதறுந்த மான் ஆள்காட்டியை நம்பி வந்தது.

சில நாள் எதுவும் நடக்கவில்லை. நரி சொன்னபடியே காவல் இருந்தது. ஒரு நாள் கீரி எட்டிப் பார்த்தது. நரி பல்லைக் காட்டியதும் ஓடிவிட்டது. ஆள்காட்டி நிம்மதியாகத் தூங்கியது. இத்தனை வருஷத்தில் அதற்கு அப்படி ஒரு தூக்கம் வாய்த்ததில்லை.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது.

கூட்டம் குடித்துவிட்டுக் கரையேறிப் போய்விட்டது. காதறுந்த மான் கடைசியாகத் தண்ணீருக்குப் போனது. பின்னாலேயே அதன் குட்டி. மான் மூக்கைத் தூக்கி மோந்தது.

"தங்கச்சி, இன்னைக்கு என்னமோ சரியில்லை. ஏதாவது வருதா?"

வந்துகொண்டிருந்தது. கோரைக்குள் இரண்டு காதுகள். ஆள்காட்டிக்கு அவை நன்றாகத் தெரிந்தன. கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போது வயிற்றுக்கடியில் 'டக்' என்றது. முட்டைக்குள்ளிருந்து ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்தியது. மறுபடியும், 'டக்'.

ஆள்காட்டி கத்தலை விழுங்கியது.

மான் சற்று நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. "நீ சும்மா இருக்கேன்னா சரிதான்," என்றது. தலையைக் குனிந்தது.

குட்டி தப்பித்தது. தாய் தப்பவில்லை. கழுத்தில் பல் இறங்கிய பிறகும் அதன் கண் மேட்டின் பக்கமே இருந்தது. ஆள்காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இழுத்துக்கொண்டு போகும் வழியில் சிறுத்தை மேட்டருகே நின்றது. வாயிலிருந்ததைக் கீழே வைத்தது. "நல்ல பறவை!" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கவ்விக்கொண்டு போனது.

ஆள்காட்டியை அதுவரை யாரும் நல்ல பறவை என்று சொன்னதில்லை. கத்துகிறவளை யார் சொல்வார்கள்!

மறுநாள் நாலு குஞ்சுகளும் வெளியே வந்தன. நாலும் பஞ்சுருண்டை. நாலுக்கும் குச்சிக் கால். விழுந்து எழுந்து ஓடின. அன்று ஆள்காட்டிக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

மான் எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

நரி வந்தது. "நாலும் சுகமா தாயி?"

"சுகம்."

"நல்லது. இங்கே இனி வேலை இல்லை. ஐயா மலைக்கு அந்தப் பக்கம் போறார். நானும் கிளம்பறேன்."

"நீயும் போனா காவல்?"

"குஞ்சு வெளியே வர்ற வரைக்கும்னுதானே சொன்னேன்? வந்தாச்சே! நான் சொன்ன சொல் தவறலை. நீயும் தவறலை. இந்தக் காட்டுல நாணயமானவங்கன்னா நாம ரெண்டு பேருதான்!"

நரி வாலை ஆட்டிக்கொண்டு போனது. அது கேலி பேசவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தது.

மழை பெய்தது. புல் முளைத்தது. மேய ஆளில்லை. புல் முழங்கால் உயரம் வந்தது, பிறகு இடுப்பு உயரம். மேட்டின் மேல் நின்று பார்த்தால் ஆள்காட்டிக்குப் புல்தான் தெரிந்தது. புல்லுக்குள் எது வருகிறது என்று தெரியவில்லை.

ஒரு முயல் அவசரமாகக் குறுக்கே போனது. "முயலண்ணே! மானுங்க எல்லாம் எங்கே?" என்று கேட்டது ஆள்காட்டி.

முயல் நிற்கவில்லை. போகிற போக்கிலேயே பேசியது. "ஓடைக்குப் போகுதுங்க. தூரம்தான். ஆனா போகுதுங்க."

"என்னைப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

"பேசாம என்ன? ஆள்காட்டி ஆளைக் காட்டும்னு இருந்தோம், மானைக் காட்டிருச்சுன்னு பேசறாங்க. காதறுந்தவளோட குட்டி இன்னும் தாயைத் தேடிட்டு இருக்கு. வரேன்!"

அதன் பிறகு அந்தப் பக்கம் முயலும் வரவில்லை.

கீரி வந்தது. புல்லுக்குள் வந்தது. ஆள்காட்டி பார்த்தபோது அது மேட்டுக்கே வந்துவிட்டது. குஞ்சுகள் அங்கங்கே புல்லடியில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. இன்னும் பறக்கத் தெரியாது.

ஆள்காட்டி கத்தியது! தொண்டை கிழியக் கத்தியது. 'படு! அசையாதே! படு!' என்று கத்தியது.

குஞ்சுகள் தலையைத் தூக்கின. முட்டைக்குள் காது கேட்கத் தொடங்கியபோதும் சரி, வெளியே வந்த பிறகும் சரி, அவை அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அம்மாவின் குரல் என்று மட்டும் தெரிந்தது. அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்தன. நாலும் நாலு பக்கமிருந்து அம்மாவை நோக்கி ஓடி வந்தன.

"வராதே! படு!"

கத்தக் கத்த இன்னும் வேகமாக ஓடி வந்தன. கீரி நடுவில் நின்றுகொண்டது.

ஆள்காட்டி அதன் மேல் விழுந்து கொத்தியது. இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் புரண்டு காட்டியது. கீரி திரும்பியும் பார்க்கவில்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது.

கீரி வாயைத் துடைத்துக்கொண்டது. "நான் தேடவே இல்லைம்மா," என்றது. "நீ கூப்பிட்டே. அதுங்க வந்துச்சு."

அது புல்லுக்குள் போய் மறைந்தது. ஆள்காட்டி கத்துவதை நிறுத்தவில்லை. இருட்டும்வரை கத்தியது.

தூரத்து ஓடையில் மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சத்தம் அதுவரை போயிற்று. தாயில்லாத குட்டி தலையைத் தூக்கியது.

"அது ஆள்காட்டிதானே? ஓடணுமா?"

"வேண்டாம்," என்றது இளவட்ட மான். "அது கத்தினாலும் ஒண்ணுதான், கத்தாட்டியும் ஒண்ணுதான். நீ குடி."

குட்டி குடிக்கவில்லை. தலையைக் குனிய அதற்குப் பயமாக இருந்தது.

தன்னை நம்பி ஒருவர் தலை குனிந்து தண்ணீர் குடிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பவர், கையில் ரத்தமே படாவிட்டாலும், நல்லபடியாக வாழ்ந்தவர் ஆகமாட்டார்.