பெரிய ராஜாவைத் தேடி வந்த பகையாளி

மலைக்கும் கடலுக்கும் நடுவே தாழைநாடு என்றொரு சீமை. அதை வெகுகாலத்துக்கு முன்னே கடம்பராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் சட்டென்று கோபம் வரும், கோபம் வந்த வேகத்தில் உத்தரவும் வரும்.

அவனுடைய அப்பா மகனுக்கு முடிசூட்டிவிட்டு அரண்மனையின் மேற்குப் பகுதியான மேற்குக்கட்டில் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரிய ராஜா என்பார்கள். கொஞ்சகாலமாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. என்ன கேட்டாலும் "சரி" என்று ஒரு சொல். அதற்குமேல் பேச்சு கிடையாது.

தலைமை வைத்தியர் மருதப்பர் நாடி பிடித்துப் பார்த்தார். "வயசானால் மனசும் இப்படித்தான் சுருங்கும், மகாராஜா. கஷாயம் தருகிறேன். ஆனால் அங்கே சத்தம் ஆகாது. யாரும் அவரை எதிர்த்துப் பேசக்கூடாது. பழைய சங்கதி எதையும் கிளறக்கூடாது."

ராஜா உடனே உத்தரவு போட்டான். கிளிக்கூண்டைக்கூட எடுத்துவிட்டார்கள். வேலைக்காரர்கள் பூனை மாதிரி நடந்தார்கள். பெரிய ராஜா எதைச் சொன்னாலும் "ஆமாம் சாமி" என்றார்கள். அவர் இன்னும் மெலிந்து போனார்.

மந்திரி கூத்தனுக்கு இது பொறுக்கவில்லை. சபையில் எழுந்து, "மகாராஜா, பெரிய ராஜாவுக்கு வேண்டியது கஷாயம் இல்லையென்று தோன்றுகிறது" என்றான்.

ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரியையே கேட்கிறானே என்று மருதப்பருக்கு நெடுநாள் எரிச்சல். "ஓகோ! மந்திரியார் வைத்தியம்கூடப் படித்திருக்கிறாரா? குணப்படுத்திக் காட்டட்டுமே! முடியாவிட்டால் பதவியை விடட்டும்" என்றார்.

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுதான் சரி! கூத்தா, வருகிற பௌர்ணமிக்குள் அப்பா வாய்விட்டுப் பேசவேண்டும், வயிறாரச் சாப்பிடவேண்டும். இல்லையென்றால் மந்திரி முத்திரை வைத்தியருக்கு!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தபடி கூத்தன் மேற்குக்கட்டுக்குப் போனான். கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

"பெரிய ராஜா, ஆற்றங்கரைப் போரில் நீங்கள் தோற்றீர்களாமே?"

கிழவர் தலை திரும்பியது. "எவன் சொன்னது?"

"காரிக்கோட்டையில் சொல்கிறார்கள்."

"என்னோடு மோதின அந்த வேங்கையன் சொல்லியிருப்பான்! புளுகன்!" என்றவர், சற்றுக் கழித்து மெல்லக் கேட்டார்: "அவன் இன்னும் இருக்கிறானா?"

அந்தக் குரல் மாறியதைக் கூத்தன் கவனித்தான். "இருக்கிறார், ஐயா."

"அன்றைக்கு அங்கே நின்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், கூத்தா. இங்கே இருக்கிறவர்கள் நான் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறார்கள். ஆமாம் போடுகிறவனிடம் என்னத்தைப் பேசுவது?"

மறுநாளே கூத்தன் காரிக்கோட்டைக்குக் கிளம்பினான். போர் நின்று எத்தனையோ வருஷம் ஆகியும் இரண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே வேங்கையனும் பேரனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போர்த்திப் படுத்திருந்தார். "தாழைநாட்டுப் பெரிய ராஜா உங்களைப் புளுகன் என்கிறார்" என்றான் கூத்தன். போர்வை பறந்தது. "எடுங்கடா பல்லக்கை!"

பல்லக்கு மேற்குக்கட்டில் இறங்கியதும் மருதப்பர் ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா! மந்திரி பகைவனைக் கூட்டிவந்து உங்கள் அப்பாவின் அறையிலேயே விட்டுவிட்டான்! உள்ளே ஒரே கூச்சல்!"

ராஜா உருவிய வாளோடு வந்தான். வாசலில் கூத்தன் நின்றான்.

"துரோகி! உன் தலையை எடுக்கிறேன்!"

"தலையை அப்புறம் எடுங்கள், மகாராஜா. முதலில் கொஞ்சம் காதைக் கொடுங்கள்."

உள்ளே பெரிய ராஜாவின் குரல் கணீரென்று கேட்டது. "ஆற்றைத் தாண்டி ஓடினது யாரடா?"

"நான் எங்கே ஓடினேன்? என் யானை ஓடியது. நான் அதன்மேல் இருந்தேன், அவ்வளவுதான்!"

பெரிய ராஜா சிரித்தார். சிரித்துக்கொண்டே நடுவில் இருந்த அப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மகன் அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

பிறகு வேங்கையன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன் தம்பி சேந்தன் வெள்ளைக் குதிரையில் தனியாக வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனை வீழ்த்தினது என் ஆட்கள்தான். ஆனால் ஆற்றோடு விட்டுவிடவில்லை, கேட்டுக்கொள். சந்தனக்கட்டை அடுக்கி நானே தீ வைத்தேன். உனக்குச் சொல்லி அனுப்ப எனக்கு முகமில்லை."

பெரிய ராஜா அப்பத்தைக் கீழே வைத்தார். "அவன் உடம்பு கிடைக்கவில்லையென்று நான்..." என்றவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பார்த்தீர்களா, அழவைத்துவிட்டான்!" என்றார் மருதப்பர்.

ராஜாவின் கை வாளை இறுக்கியது. கூத்தன் கேட்டான்: "மகாராஜா, சேந்தன் என்ற பெயரை இதற்குமுன் கேட்டதுண்டா?"

"இல்லை. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தாரா?"

"நீங்கள் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. இப்போது பழசைப் பேசவே கூடாதென்று உத்தரவும் போட்டுவிட்டோம். அவர் யாரிடம் போய் அழுவார்?"

அதற்குள் பெரிய ராஜா மகனைப் பார்த்துவிட்டார். "ஏனடா வாசலில் நிற்கிறாய்? வாளை அங்கே வைத்துவிட்டு உள்ளே வா. உன் சித்தப்பா கதையைக் கேள்."

ராஜா தரையில் உட்கார்ந்து விளக்கேற்றும் நேரம் வரை கேட்டான்.

மறுநாள் சபையில், "கூத்தா, என்ன பரிசு வேண்டும்?" என்றான்.

"அந்த உத்தரவு போகவேண்டும். தாங்கள் தினம் ஒருவேளை மேற்குக்கட்டில் சாப்பிடவேண்டும்."

"இது பரிசா, தண்டனையா?"

"அது பெரிய ராஜா பேசுகிற பேச்சைப் பொறுத்தது, மகாராஜா."

சபை சிரித்தது. ராஜா மருதப்பர் பக்கம் திரும்பினான். "வைத்தியரே, வேங்கையனார் இங்கேதான் கொஞ்சநாள் தங்கப்போகிறார். தினமும் சாயங்காலம் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, அந்தப் போரில் ஜெயித்தது யார் என்று நீர் தீர்ப்புச் சொல்லவேண்டும்."

முதல் நாள் மருதப்பர் பெரிய ராஜா என்றார். வேங்கையன் வெற்றிலைப் பெட்டியை வீசினார். மறுநாள் வேங்கையன் என்றார். பெரிய ராஜா கைத்தடியை ஓங்கினார். அதற்கடுத்த நாள், இருவருமே ஜெயித்தார்கள் என்று நைசாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கிழவர்களும் சேர்ந்துகொண்டு அவரை அறைக்கு வெளியே துரத்தினார்கள். ஆயுசிலேயே அவர்கள் ஒரு கட்சியாக நின்றது அன்றைக்குத்தான்.