தப்பான பாஸ்வேர்டுக்குப் பச்சை

சரவணம்பட்டி சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வரதராஜுலு சார் உள்ளே நுழைந்தாலே கீபோர்டுச் சத்தம் அடங்கிவிடும். ஆஸ்பத்திரி வெப்சைட் ஒன்றைத் தானாகச் சோதிக்கும் புரோகிராம் கோடு அவர் எழுதியது. அதன் லாகின் பகுதி பாஸ்வேர்டை அடிக்கும், பட்டனை அழுத்தும், ‘நல்வரவு’ பக்கம் வந்ததா என்றும் அதுவே பார்த்துவிடும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

“சரிபார்க்கிறதெல்லாம் என் கோடுக்குள்ளேதான். வேற எவனும் எழுதக் கூடாது” என்பது அவர் சட்டம். மீறிய ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்வையிட வந்த அன்று, சேர்ந்து இரண்டே மாதமான எஸ்தரை வரதராஜுலு கூப்பிட்டார்.

“தப்பான பாஸ்வேர்டு போட்டா உள்ளே விடக் கூடாது. அதுக்கு ஒரு டெஸ்ட் எழுது. என் லாகின் கோடை வெச்சே எழுது, ஆனா அதைத் தொடாதே. அம்மா முன்னாடி பச்சை வரணும். வரலைன்னா ஐடி கார்டை வெச்சுட்டுக் கிளம்பு.”

எஸ்தர் எழுதி ஓட்டினாள். சிவப்பு.

“என்னது இது?” என்று கத்தினார்.

கழுத்திலிருந்த கார்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சார், வெப்சைட் சரியாத்தான் உள்ளே விடலை. உங்க கோடுதான் ‘நல்வரவு’ எங்கேன்னு கேக்குது. லாகின் பகுதி லாகின் மட்டும் பண்ணட்டும், என்ன வரணும்னு அந்தந்த டெஸ்ட் பாத்துக்கட்டும். வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. தப்பான பாஸ்வேர்டுக்கும் உள்ளே விடுற மாதிரி வெப்சைட்டை மாத்திட்டா உடனே பச்சை வரும். மாத்திடட்டுமா சார்?”

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். “என் நோயாளிங்க ரகசியமெல்லாம் அதுக்குள்ளே இருக்கு. சொல்லுங்க சார், மாத்திடலாமா?”

வரதராஜுலு சார் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாகக் கீபோர்டுகள் சத்தம் போட ஆரம்பித்தன.