அசையாத எண்

"எல்லாம் செத்துப்போச்சு மேடம். கொட்டிடவா?"

திருமேனிநாதன் குடுவையைத் தூக்கிக் காட்டினார். வயது ஐம்பத்திரண்டு. இருபத்து நான்கு வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆய்வு மாணவராக வந்து சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி நப்பின்னைக்கு முப்பத்து நான்கு.

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"

"கலங்கல் அளவு சொல்லுது. காலையில இருந்து பாக்டீரியா மளமளன்னு பெருகிச்சு. குளுக்கோஸ் தீர்ந்ததும் நின்னுபோச்சு. இருபது நிமிஷமா ஒரே எண்."

"குடுவையில வேற சாப்பாடு இல்லையா?"

"பால்ல இருக்கிற சர்க்கரை, லாக்டோஸ், நிறையவே கிடக்கு. எதிர்ல இருக்கிறதைச் சாப்பிடத் தெரியாத ஜென்மங்க."

நப்பின்னை சிரிக்கவில்லை. குடுவையை வாங்கி, பழையபடி குலுக்கும் கருவியில் வைத்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவு எடுங்க."

எடுத்தார். அதே எண்.

"வீண் வேலை மேடம்."

"லாக்டோஸை உடைக்க ஒரு நொதி வேணும் சார். அதைச் செய்யற ஜீன் இதுங்ககிட்ட இருக்கு. இவ்வளவு நேரம் மூடி வெச்சிருந்துச்சு."

"ஏன் மூடணும்?"

"குளுக்கோஸ் கிடைக்கிறப்ப அது எதுக்கு?"

"இப்ப?"

"திறந்தாச்சு. உள்ள நொதி தயாராகிட்டிருக்கு. வெளியில ஒண்ணும் தெரியாது."

கலங்கல் நீர் சுழன்றுகொண்டே இருந்தது. திருமேனிநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அளவில் எண் ஒரு புள்ளி கூடியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் நாலு.

அவர் குறித்துக்கொள்ளவில்லை.

"என்ன சார்?"

"செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு மேடம். பத்து வரைக்கும் தமிழ்லயே படிச்சவ. பதினொண்ணாம் வகுப்புக்கு எங்க இங்கிலீஷ் மீடியத்துல வந்து சேர்ந்தா. எது கேட்டாலும் எழுந்து நிப்பா. வாய் திறக்க மாட்டா."

"அப்புறம்?"

"இதுக்குப் படிப்பு ஏறாதுன்னு அவ அப்பாவைக் கூப்பிட்டு நான்தான் சொன்னேன். டி.சி. வாங்கிக் கூட்டிட்டுப் போயிட்டார்."

நப்பின்னை கருவியை நிறுத்தினார். அறை அமைதியானது.

"எத்தனை மாசம் பார்த்தீங்க சார்?"

திருமேனிநாதன் குடுவையைப் பார்த்தார்.

"மாசம் இல்ல மேடம்," என்றார். "மூணு வாரம்."