சாவே இல்லாத வைத்தியசாலை

முன்னொரு காலத்தில், தானம் கொடுப்பதற்கும் பரீட்சை வைத்த ஓர் அரசர் இருந்தார். நாட்டிலுள்ள வைத்தியசாலைகளுக்கு அரண்மனையிலிருந்து பொன்னும் நெல்லும் அனுப்ப வேண்டும், ஊருக்கு ஊர் தம் பெயர் மணக்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று ஆசை பிறந்தது. நல்ல ஆசைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால், என் பொன் போகும் இடத்தில் சாவு என்ற பேச்சே எழக் கூடாது" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தையைத் தர்மாதிகாரி மகுடநாதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. ஆனால் எந்த வைத்தியசாலையிலும் உள்ளே போய் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தவரல்ல அவர். வாசலில் மாலை வாங்கிக்கொள்வார். மோர் குடிப்பார். "இந்த வருஷம் இங்கே சாவு உண்டா?" என்று கேட்பார். இல்லை என்றால் பொன் வரும். உண்டு என்றால் பல்லக்கு திரும்பிவிடும்.

பொன் வாங்கத் தெரிந்தவர்கள் சீக்கிரமே வழி கண்டுபிடித்தார்கள். தலைநகரின் பெரிய வைத்தியசாலையில் மதிலை இடித்து ஒரு பின்வாசல் வைத்தார்கள். நோயாளிக்கு நாடி தளர்ந்தால் கட்டிலோடு தூக்கி, பின்வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் வைத்துவிடுவார்கள். அதற்கென்றே சம்பளத்துக்கு இரண்டு தடியர்கள் இருந்தார்கள். அதன் பிறகு மதிலுக்குள்ளே ஒருவரும் சாகவில்லை.

அந்தப் புங்கமரத்தடியில்தான் வெண்காடனின் மனைவி பொன்னி கிடந்தாள்.

வெண்காடன் அரசவையின் விகடகவி. ஆடி மாதக் காய்ச்சலில் அவளை அங்கே சேர்த்துவிட்டு, அரசரைச் சிரிக்கவைக்க அரண்மனைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது கட்டில் வெளியே இருந்தது. மூச்சு இருந்தது. ஆற்றங்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, மரத்தடியில் உயிரோடு கிடப்பவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் ஆவுடை என்ற மருத்துவச்சி வந்து கட்டிலுக்குத் தோள் கொடுத்தாள். மறுநாள் பொன்னி அந்தக் கொட்டகையில் இறந்தாள். அந்தச் சாவும் ஆவுடையின் பேரில்தான் ஏறியது. அந்த வருஷமும் பல்லக்கு திரும்பிப் போயிற்று.

அதன் பிறகும் வெண்காடன் அவைக்கு வந்தான். தன் ஆசனத்தில் உட்கார்ந்தான். எழுந்து போனான். விகடம் வரவில்லை. அந்த ஆசனத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்கக் காத்திருந்த மகுடநாதருக்கு அதில் பரம சந்தோஷம்.

ஐப்பசி பிறந்தது. வெண்காடன் ஆற்றங்கரைக்குப் போனான். ஆவுடையின் அடுப்பில் வெறும் வெந்நீர் கொதித்தது.

"அரிசி இல்லையா?"

"இல்லண்ணே. மழை பிடிச்சா காய்ச்சல் வரும். கஞ்சி ஊத்த வழியில்லாம யாரைச் சேத்துக்கிறது? கொட்டகையப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிரலாம்னு இருக்கு."

"தர்மாதிகாரியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். 'உன் இடத்துல சாவு அதிகம்'னாரு. 'சாகப்போறவங்களத்தானே சாமி என்கிட்ட விடுறீங்க'ன்னேன். 'அப்ப சேத்துக்காதே'ன்னாரு."

வெண்காடன் திரும்பினான். நேரே அவைக்கு நடந்தான்.

"அரசே, ஆவுடையின் கொட்டகைக்கு நெல் அனுப்ப வேண்டும்."

மகுடநாதர் கைகொட்டினார். "அடடே, விகடகவிக்கு வாய் திறந்துவிட்டது! அரசே, அது வைத்தியசாலை அல்ல, சாவுக் கொட்டகை. தங்கள் பொன்னுக்கு ஒரு தகுதி வேண்டாமா?"

"என்ன தகுதி?" என்றான் வெண்காடன்.

"என்றைக்குமே ஒருவர்கூடச் சாகாத இடமாக இருக்க வேண்டும். யாருக்கும் கதவடைக்காத இடமாக இருக்க வேண்டும். வந்தவர் எவரும் குறை சொல்லாத இடமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தை நீர் காட்டும். காட்டினால் இந்த வருஷத்துத் தானம் முழுவதும் நீர் கைகாட்டும் ஆளுக்கு. நானே அங்கே குடியிருந்து ஊழியமும் செய்கிறேன். காட்டாவிட்டால் அந்த ஆசனத்தை விட்டு இறங்கும்."

அரசருக்கு வேடிக்கை பிடிக்கும். "அப்படியே ஆகட்டும். இது நம் வாக்கு" என்றார்.

"நாளைக் காலையில் புறப்படலாம்" என்றான் வெண்காடன்.

மறுநாள் பல்லக்குகள் அவன் பின்னால் போயின. கோட்டையைத் தாண்டின. ஆற்றைத் தாண்டின. புகை வாடை வந்ததும் அரசர் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வெண்காடா, இது சுடுகாடு அல்லவா?"

"தர்மாதிகாரி கேட்ட இடம் இதுதான், அரசே." அவன் சுடுகாட்டுக் காவலாளியைக் கூப்பிட்டான். "இருளாண்டி, இங்கே இதுவரை யாராவது செத்ததுண்டா?"

"இங்கயா? இல்லீங்க. எல்லாரும் செத்துட்டுத்தான் வராங்க."

"யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறாயா?"

"அது எப்படிங்க முடியும்?"

"வந்தவர்கள் ஏதாவது குறை சொன்னார்களா?"

"ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்க."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசர் சிரித்ததால் பரிவாரமும் சிரித்தது. வெண்காடன் சிரிக்கவில்லை. எல்லாச் சிரிப்பும் ஓயும்வரை நின்றான்.

"பெரிய வைத்தியசாலையிலிருந்து இங்கே யாரும் வருவதில்லையே, இருளாண்டி?"

"ஏன் வராம? மரத்தடியிலேருந்து வருமே. பொணத்த எறக்கினதும் கட்டில மட்டும் கழுவிக் கொண்டாந்து குடுக்கச் சொல்லுவாங்க. அடுத்த ஆளுக்கு வேணுமாம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எந்த மரத்தடி?" என்றார் அரசர்.

"தங்கள் பொன் போகும் பெரிய வைத்தியசாலையின் மதிலுக்குப் பின்னால் இருக்கும் மரத்தடி. சாவு கூடாது என்று உத்தரவானது. அவர்கள் சாவைத் தடுக்கவில்லை. கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். என் மனைவியையும் அப்படித்தான் வைத்தார்கள். அன்றைக்கு நான் தங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவளை எடுத்துப்போய் வாயில் தண்ணீர் விட்டவளுக்குத் தகுதி இல்லையாம். ஆவுடை நாளைக்கே கதவைச் சாத்தட்டும், அரசே. அவள் கொட்டகையிலும் யாரும் சாகமாட்டார்கள். அவளுக்கும் பொன் கிடைத்துவிடும்."

அரசர் புகையைப் பார்த்தார். "அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்" என்றார்.

மகுடநாதர் முன்னே வந்தார். "அரசே, இது வெறும் விகடம். இதைப் போய்..."

"நீர் கேட்ட இடம். கேட்டபடியே இருக்கிறது. தானம் முழுவதும் ஆவுடைக்குப் போகும். இனிமேல் சாவு உண்டா என்று எவனும் கேட்கக் கூடாது. யாரைச் சேர்த்துக்கொண்டாய் என்று கேட்க வேண்டும். அப்புறம், நீர் ஏதோ குடியிருந்து ஊழியம் செய்வதாகச் சொன்னீரே?"

"எங்கே அரசே?"

இருளாண்டி தன் மூங்கில் கழியை மிகுந்த மரியாதையோடு அவரிடம் நீட்டினான். "வாங்க சாமி. ஒத்தையாளா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அரசர் மறுபடி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "வெண்காடா, இது உனக்கு."

"முத்து வேண்டாம், அரசே. கொஞ்சம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுங்கள்."

கொடுத்தார்கள். அன்று பிற்பகல் அந்த இரண்டு தடியர்களும் செங்கல் சுமந்தார்கள். வெண்காடன் தன் கையாலேயே பின்வாசலை அடைத்தான். பார்க்க வந்த அரசர், கடைசிச் செங்கல்லைத் தாம் வைப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினார்.

வெண்காடன் கொடுக்கவில்லை. தானே வைத்தான்.