மிளாவின் கழுத்துப் புண்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. பேசினபடி நடந்தும் கொண்டன.

மலையடிவாரத்து வேடர்களுக்கும், மிளா என்கிற பெரிய காட்டு மான்களுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. மழை தொடங்கும்போது வயதான மிளா ஒன்று தானாக ஓடைக்கரைக்கு வந்து பக்கவாட்டில் நிற்கும். வேடன் இருபதடி தள்ளி நின்று, அகன்ற இரும்பு முனை வைத்த அம்பை அதன் முன்னங்காலுக்குப் பின்னே செலுத்த வேண்டும். ஒரே அம்பு. மிளா பத்தடி நடப்பதற்குள் விழுந்துவிட வேண்டும். அந்த இறைச்சியை உப்பிட்டுக் காயவைத்துத்தான் ஊர் மழைக்காலத்தைக் கடத்தியது.

அந்த வருடம் கெம்பனின் முறை. மிளாவுக்கென்று இருந்த பெரிய வில் ஆளுயரம். நாணேற்ற இரண்டு பேர் வேண்டும். ஓடைக்குப் போகும் பாதையோ செங்குத்து. நிற்கப் போகிற மிருகத்துக்கு எதற்கு இத்தனை சுமை என்று நினைத்தவன், காடை அடிக்கும் சிறு வில்லைத் தோளில் மாட்டினான். மிளாவுக்கு எப்போது இறக்கை முளைத்தது என்று மனைவி நஞ்சி கேட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிழட்டு மிளா ஓடைக்கரையில் காத்திருந்தது. அம்பைப் பார்த்தது.

"கெம்பா, இது காடைக்கு ஆனது."

"கிட்ட வந்து விடுறேன் மாமா. நீ அசையாம நில்லு, போதும்."

"நான் அசைய மாட்டேன். உன் அம்பு அசையும்."

சொன்ன சொல்லுக்காக அது விலாவைக் காட்டி நின்றது. கெம்பன் பத்தடியில் நின்று எய்தான். ஈர்க்குக் கனமே இருந்த அம்பு காற்றில் ஒதுங்கிக் கழுத்தடியில் தைத்தது. ஒரு விரற்கடை ஆழம்தான். மிளா பத்தடி நடந்தது, இருபதடி நடந்தது, விழவில்லை. பிறகு காட்டுக்குள் ஓடிவிட்டது.

கெம்பன் ரத்தத் தடம் பிடித்துப் போனான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் வீடு திரும்பவில்லை. கடைசியில் ஒரு குட்டையில், புண்ணைத் தண்ணீருக்குள் வைத்தபடி மிளா நிற்பதைக் கண்டான். அதற்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. முடித்துவிடட்டுமா என்று கேட்டான்.

"எதை வச்சு?"

அவனிடம் இன்னும் நான்கு அம்புகள் இருந்தன. நான்கும் காடைக்கானவை. கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சாகத்தான் வந்தேன் கெம்பா, நோகறதுக்கு வரலை. இனி எங்க ஆளுங்க யாரும் வந்து நிக்க மாட்டாங்க" என்றது மிளா.

மிளா மனிதனிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. ஊர் அந்த மழைக்காலத்தைக் கிழங்கு தின்று கழித்தது. மிளா சாகவில்லை, புண்ணும் ஆறவில்லை. அதன் கன்றுகள் அந்தப் புண்ணோடே பிறந்தன.

மிளாவின் கழுத்தடியில் மயிர் உதிர்ந்து பருவத்துக்குப் பருவம் சிவந்து கசிவதும், மனித வாடை பட்டதும் அது காலால் தரையை உதைத்துக் குரல் கொடுத்துவிட்டு ஓடுவதும் அன்று முதல்தான். நிற்காத அந்த மிருகத்தின் பின்னால், ஆளுயர வில்லைச் சுமந்துகொண்டு வேடன் நாள் முழுக்க நடப்பதும் அன்று முதல்தான்.