சாட்சிக்கு இரண்டு பேர்

சருகனேந்தலில் விளக்கெரிவது முத்திருளாயி வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் எப்போதோ வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போய்விட்டார்கள். விதை மானியம் கிடைத்தால்தான் அவளுக்கு இந்த வருஷம் விதைப்பு.

அலுவலகத்தில் அவள் நீட்டிய மனுவை வாங்கிய வேளாண் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ வெள்ளாமை பண்றேன்னு பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேர் வந்து சொல்லணும்."

"ஊர்ல யாருமே இல்லைங்களே, சார்."

"யாரும்மா சொன்னா? போன மாசம் உங்க ஊர்க்காரங்க முப்பது பேர், இதே மேஜை முன்னால நின்னு மானியம் வாங்கிட்டுப் போனாங்க!"

"அப்ப அதுல ரெண்டு பேரை நீங்களே கூப்பிடுங்க, சார். உங்க கண்ணுக்குத்தான் தெரியிறாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாட்சி கேட்காமலே அவசரமாகக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அவங்க மறுபடி வந்தா, வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க, சார். பொங்கலுக்குக்கூட யாரும் வரலை."